காற்றுக்கு முதுகு காட்டிய படகு

தேநீர்க் கோப்பையிலிருந்து எழுந்த ஆவி படகின் முன்பக்கம் நோக்கிப் போனபோதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. காற்று பின்னாலிருந்து வருகிறது. மூக்கில் கயிறு கட்டி நிறுத்திய படகுக்குக் காற்று பின்னாலிருந்து வரவே கூடாது. எந்தப் பக்கம் வீசினாலும் படகு தானாகத் திரும்பி அதற்கு முகம் கொடுத்து நிற்கும். வாடகைக்குப் படகு கொடுப்பவர்கள் நடத்திய பயிற்சியில் முதல் நாளே சொன்ன பாடம் அது. இந்தப் படகோ காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டிப்போட்டிருந்த மிதவையின் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு, துணி காயப்போடும் கொடி மாதிரி கயிறு விறைத்திருக்க நின்றது.

"என்னங்க, இங்க பாருங்க. படகு தப்பா நிக்குது."

கேப்டன் பின்பக்க மெத்தையில் மல்லாந்து கிடந்தார். கேப்டன் என்பது அவள் வைத்த பெயர்; மரியாதைக்காக வைத்ததல்ல. ஊரில் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் ஆசிரியரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அந்தப் பிரேக்கை மிதித்து மிதித்தே உலகத்தில் யார் எதை ஓட்டினாலும் நிறுத்துவது தான்தான் என்ற நினைப்பு அவருக்கு வந்துவிட்டது.

"நீரோட்டமா இருக்கும்," என்றார், கண்ணைத் திறக்காமலே.

"தண்ணி அசையவே இல்லீங்க."

"மேல பாத்தா தெரியாது. அடியில ஓடும்."

பார்க்காமலே எல்லாம் தெரிந்த மனிதரிடம் என்ன பேசுவது? அவள் தேநீரைக் கடலில் ஊற்றினாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி எத்தனை தேநீரை ஊற்றியிருப்பாளோ, அதற்கெல்லாம் கணக்கு வைத்தால் இந்தக் கடலே பழுப்பாகியிருக்கும்.

சண்டை போட வந்த பயணமல்ல இது. பவளத் தீவுகளுக்கு நடுவே பாய்மரப் படகில் ஒரு வாரம், அதன் நடுவில் இரண்டு நாள் எங்கேயும் போகாமல் ஒரே இடத்தில் நின்று இளைப்பாறுவது என்று திட்டம். இடமும் குறை சொல்ல முடியாத இடம். சுற்றிலும் பவளப்பாறை வேலி கட்டினாற்போல் வளைந்திருக்க, உள்ளே குளம் மாதிரி அடங்கிய பச்சைத் தண்ணீர். அடியில் கிடக்கும் வெள்ளை மணலின் வரிகள்கூடத் தெரியும். பாறை வேலியை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் தரை சட்டென்று இறங்கிவிடுகிறது. அங்கே தண்ணீர் பச்சையில்லை. கருநீலமாக ஒரு பெரிய குழி. வெயில் அதன் மேல்தான் விழுகிறது. உள்ளே போவதாகத் தெரியவில்லை.

நேற்று மாலை வந்தபோது அவள் மணல் திட்டைக் காட்டி அங்கே நங்கூரம் போடலாம் என்றாள். கேப்டன் கண்ணில் அந்த மிதவை பட்டுவிட்டது. "யாரோ கட்டிப் போட்டிருக்காங்க. சும்மா கிடக்குறத விட்டுட்டு நங்கூரத்தைப் போட்டு, நாளைக்கு இழுத்து, எதுக்கு வீண் வேலை?" தெரியாத மிதவையில் கட்டாதே என்றும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னதற்கு, "சொல்றவங்க ஆயிரம் சொல்வாங்க" என்று பதில் வந்தது. குனிந்து அந்த மிதவையின் கயிற்றைப் பிடித்துத் தூக்கியவள் அவள்தான். மிதவை முழுக்கச் சிப்பி அப்பிச் சொரசொரவென்று இருந்தது. கயிற்றில் மட்டும் ஒரு பொட்டுப் பாசி இல்லை. தண்ணீரில் கிடந்த கயிறு மாதிரியே இல்லை அது. தினமும் பல கை பட்டு வழவழவென்று தேய்ந்துபோன கயிறு. ஆனாலும் கட்டினாள். அந்த ஆத்திரம் இப்போது அவர் மேல் பாதி, தன் மேல் பாதி.

ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து ஒரு துண்டுத் தோலைப் பக்கவாட்டில் தண்ணீரில் போட்டாள். அது போட்ட இடத்திலேயே மிதந்தது. நீரோட்டம் இருந்தால் எங்காவது ஓட வேண்டுமே? அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். தோல் மெல்ல மெல்லப் பின்னால் போனது. படகின் பின்பக்கத்தைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. தோல் நகரவில்லை, படகுதான் நகர்கிறது என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தாள். காலையில் படகுக்கு நேராக இருந்த சாய்ந்த மரம் இப்போது நன்றாகப் பின்தங்கியிருந்தது. முன்னால் மிதவை. அதன் இரு பக்கமும் தண்ணீர் மெல்லியதாகப் பிரிந்து, ஒரு சின்னக் கோடு விழுந்துகொண்டிருந்தது. கன்றுக்குட்டியைக் கயிறு பிடித்துக் கூட்டிப்போவது போல யாரோ படகைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

கருநீலக் குழியின் பக்கமாக.

"படகு நகருது. எந்திரிச்சுப் பாருங்க. மரம் எங்க இருந்தது, இப்ப எங்க இருக்கு!"

அவர் எழுந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். பார்த்த அழகைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் காரை ரிவர்ஸ் எடுக்கும் பையனைப் பார்ப்பது போல.

"கட்டியிருக்குற கயிறு நீளம். அந்த அளவுக்கு ஆடத்தான் செய்யும்."

"ஆடல. ஒரே பக்கமா போகுது. அந்தக் குழிக்குப் போகுது. அவுத்துட்டு வேற இடம் போயிடலாம். இதுல நிக்க வேண்டாம்."

"ரெஸ்ட் எடுக்க வந்தோம். காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா?"

மறுபேச்சுப் பேசினால் அவள் கத்துவாள், கத்தினால் "பாத்தியா, உனக்கு டென்ஷன்" என்பார். படியிறங்கி முன்னறைக்குப் போய்ப் படுத்தாள். தலைக்கு அந்தப் பக்கம் படகின் மூக்கு. மெல்லிய சுவருக்கு வெளியே கடல். உப்பும் ஈரமெத்தையும் சேர்ந்த வாடை. ஜன்னல் வழியாக விழுந்த வெயில், தண்ணீரின் அலைச்சலைக் கூரையில் வலை போல ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினாள். கயிறு முனகும் சத்தம் கேட்டது. படகென்றால் கயிறு முனகும், அதில் அதிசயமில்லை. அலைக்குத் தக்கபடி, முன்னும் பின்னுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் முனகும். இது அப்படி இல்லை. ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் சரசரவென்று ஒரு சின்ன உரசல். மறுபடி இழுப்பு. நிறுத்தம். உரசல். பாரம் இழுப்பவர்கள் அப்படித்தான் இழுப்பார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு இழுப்பு, பிறகு கையை மாற்றிப் பிடிப்பது.

அவள் காதைச் சுவரில் வைத்தாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. இழுப்பு, கை மாற்றல், இழுப்பு. ஒரு கையல்ல. பல கைகள், ஒன்றன் பின் ஒன்றாக மாறும் உரசல், வரிசை முடியும் வரை.

ஓடி மேலே வந்தாள். சாய்ந்த மரம் இப்போது கண்ணுக்கே சின்னதாகிவிட்டது. எங்கும் பச்சைத் தண்ணீரில் மீன் கூட்டம் மின்னிக்கொண்டிருந்தது. கயிற்றைச் சுற்றி மட்டும் ஒரு மீன்கூட இல்லை. முன்பக்கத்தில் கயிறு கட்டும் இரும்புக் கொம்பில் தான் போட்ட முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். கயிறு கல்லாக இறுகியிருந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். சமையல் கத்தியை எடுத்துவந்து கயிற்றில் வைத்தபோது கேப்டன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பைத்தியமா உனக்கு? அடுத்தவன் கயிறு!"

"அடுத்தவன் கயிறுன்னு நேத்து தெரியலியா?"

"கத்திய குடு."

"முடியாது. விடுங்க. கைய விடுங்கன்னு சொல்றேன்ல!"

பிடுங்கிவிட்டார். பிடுங்கியதும் கத்தி கைநழுவிக் கடலில் விழுந்தது. வெள்ளைத் துண்டாக மின்னிக்கொண்டு அது இறங்குவதை இருவரும் பார்த்தார்கள். "பாரு, உன்னாலதான்," என்றார்.

அப்போதுதான் அவளுக்குள் ஏதோ அறுந்தது. சில வருஷம் முன்னால் ஒரு ராத்திரி முழுக்க வலதுபக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். "காஸ்தான், சுடுதண்ணி குடி, தூங்கு" என்று திரும்பிப் படுத்தவர் இவர். குடல்வால் உள்ளேயே வெடித்து, ஆஸ்பத்திரியில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தாள். கண் விழித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து இவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "டாக்டரே முதல்ல காஸ்னுதான் நினைச்சாராம்." நீ சொன்னது சரி என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த வாயிலிருந்து வந்ததில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவனையாவது சேர்த்துக்கொள்ளலாம். இவர் முயலையே பார்க்க மாட்டார்.

"நீங்க என் பேச்சக் கேக்க வேணாம்," என்றாள். "ஒரு தடவையாச்சும் நான் சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டு இந்தக் கயித்த அவுத்துவிடுங்க. அது போதும் எனக்கு."

"சரி, இப்ப என்ன? நானே கீழ போயி பாத்துட்டு வரேன். அடியில ஒரு கான்கிரீட் கல்லு இருக்கும். அதப் பாத்து சொல்றேன், அப்புறமாவது வாய மூடு."

"போகாதீங்க."

"நீ சொல்லாத."

சொல்லவில்லை. அதன் பிறகு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படகு ஏறியதிலிருந்து அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் ஆளுக்கு ஒரு மூலையில் நின்று கத்தினால் சண்டை வருகிறது என்று கைச்சாடை வைத்துக்கொண்டார்கள். கையை விரித்தால் விடு. முஷ்டியை உயர்த்தினால் பிடி, விடாதே. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேச்சுவார்த்தை நின்றுபோன நேரத்திலும் அதை வைத்தே காலம் தள்ளப் பழகிவிட்டார்கள். முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துக் குடும்பம் நடத்த முடியும் என்பதை இந்தப் பயணத்தில்தான் கண்டுபிடித்தார்கள்.

அவர் முக்குளிக்கும் கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் மாட்டிக்கொண்டார். காலில் மஞ்சள் ரப்பர் துடுப்புகள். தொப்பென்று குதித்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு முன்பக்கத்தில் நின்றாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே அவர் இறங்குவது தெரிந்தது, மஞ்சள் கால்கள் இரண்டும் சின்னதாகிக்கொண்டே. நாலு ஆள் ஆழம் இருக்கும். அவர் இறங்கிய இடத்துக்கு முன்னால், படகு நீளத்துக்கும் குறைவான தூரத்தில், மணல் தரை முடிந்து குழி தொடங்கியது.

மிதவைக்குப் பக்கத்தில் அவர் தலை மேலே வந்தது. வாயிலிருந்த குழாயைத் துப்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. அவளைப் பார்த்து முஷ்டியை உயர்த்தினார்.

பிடி. விடாதே.

எதைப் பிடிப்பது? முடிச்சு கல்லாக இறுகிக் கிடக்கிறது என்று தெரியாதா? கீழே கான்கிரீட் கல்லைப் பார்த்துவிட்டு வந்து அதிகாரம் வேறு. கோபம் தலைக்கேறி அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. காட்டட்டும். எவ்வளவு நேரம் காட்டுகிறார் பார்க்கலாம்.

அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

பாய்மரம். மடித்த பாய். பின்பக்கத்து மெத்தையில் அவர் படுத்த பள்ளம். ஒவ்வொன்றையும் பார்த்தாள். பின்னால் தண்ணீரில் கை அடிக்கும் சத்தம் கேட்டது. வேகமாக. இன்னும் வேகமாக. திரும்பவில்லை. சத்தம் நின்றது.

காலடியில் படகு அசைந்தது. மூக்கு மெல்ல உயர்ந்தது. கயிறு தளர்ந்து தொங்கியது. காலையிலிருந்து பிடிவாதமாக நின்ற படகு, யாரோ விட்டுவிட்டது போல, சாவகாசமாக வட்டமடித்துத் திரும்பிக் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது. சரியாக நின்றது. பாடத்தில் சொன்னபடி.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

மிதவை. தண்ணீர். வெயில்.

"என்னங்க?"

யாருமில்லை.

"என்னங்க! விளையாடாதீங்க. எனக்குக் கோவமில்ல. மேல வாங்க."

மீன்கள் திரும்பி வந்திருந்தன. கயிற்றைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக.

"கேப்டன்!"

பின்பக்க ஏணியில் ஈரக் கால் வைக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று. அவள் விழுந்தடித்து ஓடினாள். அவர்தான். ஏணியில் ஏறி வந்துகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்ணாடி இல்லை, காலில் மஞ்சள் துடுப்புகள் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கி, நெஞ்சில் ரெண்டு குத்து குத்தி, அழ வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

"உசுரே போயிடுச்சு எனக்கு! எங்க போனீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தையையும் தவறவிடக் கூடாது என்பது போல உற்றுக் கேட்டார். பிறகு சொன்னார்.

"நீ சொன்னது சரி."

குத்த ஓங்கிய அவள் கை பாதியில் நின்றது.

"நான் கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான். நீ சொன்னது எல்லாமே சரி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் பல் செய்பவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல்லும் பல்லுறையும் செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். அவருடைய முன்பல்லின் உறை அவள் கையால் செய்தது. நிறம் ஒரு சாயல் மஞ்சளாகப் போய்விட்டது. போகிற இடமெல்லாம், "பொண்டாட்டி கைவண்ணம், ஒரு பல்லு மட்டும் எனக்கு மூத்தது" என்று அவர் ஊரைச் சிரிக்கவைக்காத நாளில்லை. இப்போது அந்த வாயில் மஞ்சள் சாயல் இல்லை. எல்லாப் பல்லும் ஒரே வெள்ளை. ஒரே அளவு. உறையே இல்லை.

அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. கைப்பிடிக் கம்பி முதுகில் இடித்தது. அவர் நெருங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். மூச்சு வாங்கவில்லை. தண்ணீருக்குள் அவ்வளவு நேரம் இருந்துவிட்டு வந்த நெஞ்சு ஏறி இறங்கவே இல்லை.

"நீங்க... நீங்க இங்கயே இருங்க," என்றாள்.

"சரி."

கம்பியைப் பிடித்தபடி முன்பக்கத்துக்கு நகர்ந்தாள். தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். வெள்ளை மணலில், கயிற்றின் நீளத்துக்கு, அவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆணும் பெண்ணும். துணியெல்லாம் எப்போதோ கரைந்துபோன உடம்புகள். எல்லார் முகமும் குழியின் பக்கம். எல்லார் கையும் கயிற்றில். வரிசையின் கடைசியில், படகுக்கு நேர் கீழே, மஞ்சள் துடுப்பு மாட்டிய கால்கள். அவர் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் கண்கள் விரிந்திருந்தன. அவை அசைந்தன. அவளைக் கண்டுகொண்டன. ஒரு கை கயிற்றில் ஒட்டிப்போயிருந்தது. மறு கை தலைக்கு மேல்.

முஷ்டி.

பிடி. விடாதே.

அவள் குனிந்து கயிற்றைப் பற்றினாள். இரண்டு கையாலும். இழுத்தாள். கீழே அந்தக் கை அதிர்ந்தது. அவர்தான், அவர்தான் அது. கயிற்றின் வழியாக அவர் உயிர் அவள் உள்ளங்கைக்கு வந்து துடித்தது. இழுத்தாள். தோள் கழன்றுவிடும் போல. இன்னும் கொஞ்சம். இன்னும்.

பக்கத்தில் ஈரமான கால்கள் வந்து நின்றன.

"காலைல இருந்து அவுக்கச் சொல்லிட்டே இருக்க," என்றது அவர் குரல். இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு அன்பாக அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. "நான்தான் காதுல வாங்கல."

"வேணாம்."

அது குனிந்தது. நகம் பிய்ந்தும் அசையாத முடிச்சு அந்த விரல்களில் பூமாலை மாதிரி அவிழ்ந்தது.

"வேணாம்! நான் சொல்றேன், வேணாம்!"

"நீ சொன்னது சரிதான். இங்க நிக்க வேணாம்."

கயிறு அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. பிடித்தாள். வழுக்கியது. முனை விரல்களைத் தாண்டிப் போனது. காற்று படகைத் தள்ளத் தொடங்கியது. அவள் கம்பியில் மடிந்து தொங்கியபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவிழ்ந்த கயிறு தெளிந்த தண்ணீரில் சுருள் சுருளாக, அவசரமில்லாமல் இறங்கி, அவர் தோளிலும் தலையிலும் படிந்தது. உயர்ந்திருந்த கை மெல்லக் கீழே வந்து மற்றக் கையோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தது. வரிசை அசைந்தது. ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். முதலில் நின்றவர்கள் குழிக்குள் இறங்கினார்கள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு, பின்பக்கமாக, மஞ்சள் கால்கள் மணலில் கோடு கிழிக்க, அவர்கள் பின்னால் போனார்.

அவளுக்குப் பின்னால் பாய் விரியும் சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கம் போகலாம்?" என்று கேட்டது அவர் குரல். "நீ சொல்லு. நீ சொல்றதுதான்."